தாண்டிக்குடிப் பக்கம் காட்டை ஒட்டி இரண்டரை ஏக்கர்: தீ அபாயத்தை எப்படிப் பார்ப்பது?

இரண்டரை ஏக்கர் | பிப்ரவரி 8, இரவு 9:52

எல்லோருக்கும் வணக்கம். கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நிலம் பார்த்திருக்கிறோம். பாதியில் காப்பியும் மிளகும் இருக்கிறது. மீதி பத்து வருடமாகக் கவனிப்பார் இல்லாமல் புல்லும் உண்ணிச்செடியுமாகக் கிடக்கிறது. வீடு கட்டி அப்பா அம்மாவோடு அங்கேயே இருந்துவிடலாம் என்று எண்ணம். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் தகராறு.

நிலத்தின் மேற்கு எல்லையைத் தாண்டினால் காப்புக்காடு, சரிவாகக் கீழே இறங்குகிறது. அந்த மேட்டு நுனியில் நின்றால் சமவெளி மொத்தமும் தெரியும். வீட்டை அங்கேதான் கட்ட நினைத்தோம்.

போன வாரம் இரவு தங்கியபோது எதிர்மலையில் ஒரு தீக்கோடு மெதுவாக மேலேறிக்கொண்டிருந்தது. விற்பவரைக் கேட்டால், "அது அந்தப் பக்கம் சார், இங்கே தீ வந்ததே கிடையாது" என்றார். மனது கேட்கவில்லை. செயற்கைக்கோள் கண்ட தீயைப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் 2012 முதல் இன்று வரை தேடினேன். நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டே புள்ளிகள். அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? புல எண் கீழே.

[புல எண்ணை நீக்கியிருக்கிறேன். பேரம் முடியாத நிலத்தின் விவரத்தைப் பொதுவில் போட வேண்டாம். நெறியாளர்]

மனை வியாபாரி | பிப்ரவரி 8, இரவு 10:15

சார், நம் ஊர் கலிபோர்னியா இல்லை. அங்கே பலகை வீடு, இங்கே செங்கல், சிமென்ட், கான்கிரீட் தளம். கான்கிரீட் எரியுமா? பத்திரம், பட்டா, பாதை மூன்றையும் பாருங்கள். தீயை நினைத்து நல்ல இடத்தை விட்டுவிடாதீர்கள்.

வானத்துக் கண் | பிப்ரவரி 8, இரவு 11:40

புள்ளிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் பிழைப்பே அதுதான்.

2012 முதல் கிடைப்பவை விர்ஸ் என்ற கருவியின் புள்ளிகள். ஒரு புள்ளி என்பது 375 மீட்டருக்கு 375 மீட்டர் கட்டம், அதாவது சுமார் 35 ஏக்கர். உங்கள் நிலம் மாதிரி பதினான்கு நிலங்கள் அதற்குள் அடங்கும். வரைபடத்தில் தெரியும் புள்ளி அந்தக் கட்டத்தின் நடுவிடம்தான், தீ எரிந்த இடம் அல்ல. அதைவிடப் பழைய மோடிஸ் என்ற கருவியின் புள்ளி என்றால் கட்டம் ஒரு கிலோமீட்டர் அகலம்.

இன்னொன்று. விர்ஸ் பொருத்திய செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை மணி வாக்கிலும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கிலும்தான். சாயங்காலம் நாலு மணிக்குப் பற்றி, பனி இறங்கும் முன் ஊர்க்காரர்கள் அடித்து அணைத்த தீ அதன் கண்ணிலேயே படாது. மரக்கூரைக்கு அடியில் சருகை மட்டும் நக்கிக்கொண்டு போகும் தீயும் பல நேரம் தப்பிவிடும். ஆகவே இரண்டு புள்ளி என்றால் "குறைந்தது இரண்டு முறை" என்று படியுங்கள்.

அந்த இரண்டும் எந்த மாதம், நிலத்துக்கு எந்தத் திசை என்று பார்த்தீர்களா? தேடும் வட்டத்தையும் ஐந்து கிலோமீட்டராகப் பெரிதாக்குங்கள். தீ பற்றுமா என்ற கேள்விக்கு விடை உங்கள் எல்லைக்குள் இருக்காது, கீழே அடிவாரத்தில் இருக்கும்.

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் கைப்பேசி எண்ணைப் பதிந்துகொண்டால் தீ எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வரும். வனத்துறைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பதியலாம். நாட்டின் காட்டுப் பரப்பில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் நிலையில் இருப்பதாகக் கணக்கிட்டதும் அவர்கள்தான்.

இரண்டரை ஏக்கர் | பிப்ரவரி 9, காலை 6:30

நன்றி சார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து கிலோமீட்டர் வட்டத்தில் 61 புள்ளி. கிட்டத்தட்ட எல்லாமே பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை, பெரும்பாலும் மேற்கும் தென்மேற்கும். என் காப்புக்காட்டுச் சரிவு இருக்கிற அதே பக்கம். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

பழைய வனவர் | பிப்ரவரி 9, காலை 8:05

தம்பி, வரைபடத்தை மூடிவிட்டு ஒருநாள் பகலில் சரிவில் இறங்கி நடந்து பாருங்கள். முப்பது வருடம் அதைத்தான் செய்தேன்.

மரம் பொய் சொல்லாது. எல்லையில் நிற்கும் மரங்களின் அடியில் கரி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சரிவில் மேலேறிய தீ மரத்தைக் கடக்கும்போது மேட்டுப் பக்கத்தில்தான் கரியை உயரமாக விட்டுப் போகும். முழங்கால் உயரத்துக்கு இருந்தால் சருகுத் தீ. தலைக்கு மேல் இருந்தால் கீழே ஏதோ கனமாக எரிந்திருக்கிறது, பெரும்பாலும் உண்ணிச்செடியாக இருக்கும். பட்டை உரியாத பழைய கரியா, தொட்டால் கையில் ஒட்டும் புதுக் கரியா என்பதையும் பாருங்கள். பிறகு அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போகும் பெண்களைக் கேளுங்கள். விற்பவரைக் கேட்காதீர்கள்.

சரிவைப் பற்றி ஒரு கணக்கு. தீ மேலேறும்போது பத்து டிகிரி சரிவுக்கு அதன் வேகம் இரட்டிக்கும். இருபது டிகிரி என்றால் நாலு மடங்கு. சுடர் சாய்ந்து முன்னால் இருக்கும் புல்லை வாட்டிக்கொண்டே போவதுதான் காரணம். பகலில் மலைக்காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கே வீசும். மேற்குச் சரிவு பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கும். ஆக பிற்பகல் மூன்று மணிக்கு, மார்ச் மாதத்தில், உங்கள் மேட்டு நுனியில் சரிவு, காற்று, காய்ந்த புல் மூன்றும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. காட்சி நன்றாகத் தெரிகிற இடம் என்றீர்களே, தீக்கும் அந்த இடம் அப்படித்தான்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேர் செத்துப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அடர்ந்த காடு அல்ல அது. செங்குத்துச் சரிவு, ஆளுயரக் காய்ந்த புல், காற்று. அவ்வளவுதான்.

காப்பிக்காரம்மா | பிப்ரவரி 9, மதியம் 1:20

வனவர் ஐயா சொன்னதோடு நான் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். இந்த மலையில்தான் இருக்கிறேன். எங்கள் தோட்டத்துக்கு இருபத்திரண்டு வருடத்தில் மூன்று முறை தீ வந்தது. மூன்று முறையும் காப்பிக்குள் நுழைந்து பத்துப் பதினைந்து அடியில் படுத்துவிட்டது. நிழல், ஈரம், அடியில் புல் இல்லை. அதே தீ பக்கத்துத் தரிசில் ராத்திரி முழுக்க நின்று எரிந்தது. தம்பி, உங்கள் நிலத்தின் அந்தக் கவனிப்பாரற்ற பாதிதான் உங்களுக்கு வினை. காட்டைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், உங்கள் பட்டாவுக்குள்ளேயே திரி கிடக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? இங்கே எல்லாருக்கும் ஓடையிலிருந்து கருப்பு ஓஸ்தான். ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் காட்டுக்குள்ளும் புல்லுக்குள்ளும் தரையில் கிடந்து வரும். இரண்டாவது முறை தீ வந்தபோது தீயைவிட முதலில் போனது எங்கள் ஓஸ்தான். குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. கரண்ட்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. தொட்டியில் இருந்ததுதான் தண்ணீர். அப்புறம்தான் சிமென்ட் தொட்டி கட்டி, கடைசி நூறு மீட்டர் ஓஸைப் புதைத்தோம்.

டான்டினாங் வாசி | பிப்ரவரி 9, மாலை 4:48

மெல்பர்னுக்குக் கிழக்கே மலையோரத்தில் இருக்கிறோம். இங்கே இந்தக் கேள்விக்குச் சட்டப்படியே ஒரு விடை சொல்லியாக வேண்டும், அதனால் எழுதுகிறேன். விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7 அன்று எரிந்த தீயில் 173 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு காட்டோர வீட்டுக்கு அனுமதி வாங்குவது மிகவும் கெடுபிடியானது.

இங்கே ஒவ்வொரு மனைக்கும் புதர்த்தீத் தாக்கு அளவு என்று ஒன்று போடுவார்கள். பி.ஏ.எல். என்று சுருக்கம். எங்கள் வீட்டில் அதைப் "பால்" என்றே படித்து, "நம் வீட்டுப் பால் 29" என்று சொல்லிச் சிரிப்போம். 29 என்றால், தீ வரும்போது சுவரின் ஒரு சதுர மீட்டரில் விழக்கூடிய வெப்பம் 29 கிலோவாட் வரை போகலாம். 12.5, 19, 29, 40, அதற்கும் மேலே, சுடரே வீட்டைத் தொடக்கூடிய "சுடர் வளையம்" என்று படிகள் உண்டு. எந்தப் படியோ அதற்கேற்ப ஜன்னல் கண்ணாடி, கதவு, வலைக்கம்பி எல்லாம் மாறும், செலவும் ஏறும்.

அளக்க வந்தவர் வீட்டைப் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சுற்றி நூறு மீட்டருக்குள் என்ன செடிகொடி, அது எவ்வளவு தூரத்தில், அது நிற்கும் தரை எவ்வளவு சரிவு, இவற்றைத்தான் அளந்தார். வீட்டுக்கு அடியில் இருக்கும் சரிவு அல்ல, செடிகொடிக்கு அடியில் இருக்கும் சரிவு. எங்கள் மனை சமதளம், ஆனால் அதன் ஓரத்தில் காடு கீழே விழுகிறது. அதற்குத்தான் மதிப்பெண் போனது.

எங்கள் பகுதியின் அட்டவணைப்படி, சமதளத்தில் மரக்காடு 19 மீட்டருக்குள் இருந்தால் சுடர் வளையம். அதே காடு 15 முதல் 20 டிகிரிச் சரிவில் கீழே இறங்கினால் அந்த 19 ஐம்பதாகிவிடும். இந்த எண்களை அப்படியே பழனி மலைக்குக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அவை யூகலிப்டஸ் காட்டுக்கும் எங்கள் கோடைக்கும் போட்ட கணக்கு. ஆனால் சரிவு கூடினால் தூரமும் எப்படிக் கூட வேண்டும் என்ற விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கைப்பேசியிலேயே சரிவு அளக்கும் செயலி இருக்கிறது. இல்லாவிட்டால், முப்பது மீட்டர் கிடையாகப் போனால் பத்து மீட்டர் இறங்குகிறதா? அது 18 டிகிரி.

மனை வியாபாரி | பிப்ரவரி 9, மாலை 6:02

எல்லோரும் சேர்ந்து நல்ல நிலத்தைச் சுடுகாடாக்கிவிட்டீர்கள். இத்தனை வருடத்தில் கொடைக்கானல் மலையில் தீயில் எரிந்த கான்கிரீட் வீடு எத்தனை? ஒன்று காட்டுங்கள்.

இழப்பு மதிப்பீட்டாளர் | பிப்ரவரி 9, இரவு 8:37

நியாயமான கேள்விதான். தளம் எரியாது. நம் வீடுகளுக்குப் பலகை வீடுகளைவிட நல்ல தற்காப்பு இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடு எரிவது சுவர் வழியாக அல்ல, ஓட்டை வழியாக.

ஒரு தோட்டத்து வீட்டுக்கு இழப்பு பார்க்கப் போயிருந்தேன். மதியம் தீ வந்தது, சுற்றியுள்ள புல்லைத் தின்றது, போய்விட்டது. ஆட்கள் நிம்மதியாகக் கீழே டீ குடிக்கப் போனார்கள். மூன்று மணி நேரம் கழித்துக் கூரையிலிருந்து புகை. மங்களூர் ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவே பல வருடச் சருகும் எலிக்கூடும். அதில் ஒரு கங்கு விழுந்து உட்கார்ந்திருக்கிறது. முன் பக்கம் தளம் போட்ட அறை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் ஓட்டுக் கூரை போட்ட சமையலறையும் ஸ்டோரும் முழுவதும் போயின. ஸ்டோரில் சிலிண்டர் வேறு. வெடிக்காதது அவர்கள் நல்ல நேரம்.

நான் போனால் முதலில் பார்ப்பது சுவரையல்ல. வலை இல்லாத வென்டிலேட்டர், சுவரை ஒட்டி அடுக்கிய விறகு, தளத்தின் மேல் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, வண்டி நிறுத்த இறக்கிய ஃபைபர் கூரை, மழைநீர்த் தகரத்தில் சேர்ந்த சருகு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் திரைச்சீலை. இதில் எதுவும் கான்கிரீட் இல்லை. விருந்தினருக்கென்று கூரை வேய்ந்த குடில் ஒன்று போடுகிறார்களே, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அமெரிக்க வனத்துறையின் ஜாக் கோஹன் என்ற ஆய்வாளர் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். 1990களின் கடைசியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் உண்மையான காட்டையே கொளுத்தி, எதிரில் பலகைச் சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். மர உச்சி வரை எரிந்த பெருந்தீ. பத்து மீட்டரில் நின்ற சுவர்கள் சில பற்றின. இருபதிலும் முப்பதிலும் நின்றவை பற்றவில்லை. பலகைச் சுவரே இருபது மீட்டரில் தாங்கியது என்றால், வீடுகள் ஏன் நூற்றுக்கணக்கில் எரிகின்றன? கங்குகள். காற்று கொண்டுவந்து போடும் சின்னக் கங்குகள். அதனால் மலை எரிவதற்கான அபாயம் வேறு, வீடு எரிவதற்கான அபாயம் வேறு. முதலாவதை உங்களால் மாற்ற முடியாது. இரண்டாவது கிட்டத்தட்ட முழுவதும் உங்கள் வேலிக்குள் இருக்கிறது.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பொதுவான தீக்காப்பீட்டு வாசகத்தில் புதர்த்தீக்கு இழப்பீடு உண்டு என்று எழுதி, அதே மூச்சில் காட்டுத்தீயால் வந்த சேதம் நீங்கலாக என்றும் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்கிவிட்டு, பிறகு என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் புதர்த்தீ, காட்டுத்தீ இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. தங்கும் விடுதியாக நடத்தினால் அது வீட்டுக் கணக்கில் வராது, அதையும் மனதில் வையுங்கள்.

மனை வியாபாரி | பிப்ரவரி 9, இரவு 9:10

சரி, வென்டிலேட்டருக்கு வலை அடிப்பது இரண்டாயிரம் ரூபாய் வேலை. அதைச் சொன்னால் போதுமே, இவ்வளவு நீட்ட வேண்டுமா?

காப்பிக்காரம்மா | பிப்ரவரி 9, இரவு 9:31

வலை அடிக்கிற ஆள் மலைக்கு வருவதற்கு இரண்டு மாதம் ஆகும், அதையும் விலையில் சேருங்கள் அண்ணே.

இரண்டரை ஏக்கர் | பிப்ரவரி 10, காலை 7:15

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. எல்லையில் மரங்களை வெட்டிவிட்டால் சரியாகுமா? வனத்துறை தீத்தடுப்புக் கோடு போடுகிறதே, அது நம்மைக் காக்காதா?

பழைய வனவர் | பிப்ரவரி 10, காலை 9:44

மரத்தில் கை வைக்காதீர்கள். மலைப்பகுதியில் பட்டா நிலத்து மரமானாலும் 1955ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்க வேண்டும். தவிர, வெட்டத் தேவையும் இல்லை. நிழலை வெட்டினால் அங்கே புல் வரும், புல்தான் தீயை இழுக்கும். தீ தரையிலிருந்து மரத்துக்கு ஏறுவதற்கு ஏணி வேண்டும். உண்ணிச்செடியும் காய்ந்த கொடியும் தாழ்ந்த கிளையும்தான் அந்த ஏணி. அதை எடுங்கள். ஆள் உயரத்துக்குக் கிளையைக் கழியுங்கள். உண்ணியை வெட்டினால் போதாது, வேரடியில் தோண்டி எடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையில் இரண்டு பங்காகத் தழைக்கும்.

தீத்தடுப்புக் கோடு தரையில் ஊரும் தீக்குத்தான். ஜனவரி, பிப்ரவரியில் செத்தையை வெட்டி ஒதுக்கிச் சுத்தமாக்குவோம். காற்றில்லாத நாளில் தீ அங்கே வந்து நின்றுவிடும், அல்லது நாங்கள் அங்கிருந்து எதிர்த்தீ வைப்போம், அதாவது வரும் தீக்கு முன்னால் இருக்கும் செத்தையை நாங்களே எரித்துவிடுவோம். காற்று அடிக்கிற நாளில் கங்கு அதைத் தாண்டிக் குதிக்கும். தவிர அந்தக் கோடு காட்டைக் காக்கப் போட்டது. உங்கள் வீடு எங்கே வரப்போகிறது என்று பார்த்துப் போட்டதல்ல.

காப்பிக்காரம்மா | பிப்ரவரி 10, காலை 11:02

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பக்கத்துப் பளியர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் சொல்வார்: அந்தக் காலத்தில் தை மாதத்திலேயே, பனி இருக்கும்போதே, சருகுக்குச் சின்னத் தீ வைத்துவிடுவோம், முழங்காலுக்கு மேல் ஏறாது, இப்போது யாரையும் வைக்க விடாமல் சேர்த்து வைத்து மாசி, பங்குனியில் மொத்தமாகக் கொளுத்துகிறீர்கள் என்று. அதில் தப்பு இருக்கிறதா?

பழைய வனவர் | பிப்ரவரி 10, மதியம் 12:20

பணியில் இருந்தபோது கேட்டிருந்தால் தப்பு என்றிருப்பேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகளும் இதையே சொல்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் வைக்கும் அந்தச் சருகுத் தீக்குத் "தரகு பெங்கி" என்று பெயரே உண்டு. அது நின்ற பிறகுதான் உண்ணி காட்டை மூடியது என்பது அவர்கள் கட்சி. ஆய்வாளர்கள் சிலரும் அதை ஏற்கிறார்கள், எல்லோரும் அல்ல. உண்ணி முற்றிய காட்டில் இப்போது போய்ச் சின்னத் தீ வைத்தால் அது சின்னதாக நிற்காது என்பது என் பயம்.

எப்படியானாலும் தனி ஆள் வைக்க முடியாது. வைத்தால் வழக்கு. 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் எரிந்ததே, தனியார் தோட்டத்தில் குப்பைக்கு வைத்த தீ காட்டுக்குப் பரவியதென்றுதான் வழக்கு. கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் அணையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியதாயிற்று. இரண்டரை ஏக்கர் தம்பி, வெட்டிய உண்ணியை மார்ச்சில் குவித்துக் கொளுத்திவிடாதீர்கள். மழைக்காலம் வரை கிடக்கட்டும், அல்லது காப்பிக்கு மூடாக்காகப் போடுங்கள். வீட்டுச் சுவர்ப் பக்கம் மட்டும் வேண்டாம்.

டான்டினாங் வாசி | பிப்ரவரி 10, மாலை 5:30

ஒருவர்கூட இன்னும் பாதையைப் பற்றிக் கேட்கவில்லை. மனை வியாபாரி அண்ணன் முதல் பதிவிலேயே பத்திரம், பட்டா, பாதை என்றார். அவர் வேறு காரணத்துக்குச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார்.

கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் 2018 நவம்பர் 8 அன்று எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் வயதானவர்கள். ஊரை விட்டு இறங்கும் சாலைகள் காருக்குப் பின் காராக அடைத்துக்கொண்டன. அதற்கு முந்தின வருடம் போர்ச்சுகலில் பெத்ரோகாவ் கிராந்தே தீயில் இறந்த 66 பேரில் 47 பேர் சாலையில் இறந்தவர்கள், வீட்டை விட்டுக் கிளம்பி வழியில் மாட்டியவர்கள். அதன் பிறகு போர்ச்சுகலில் கிராமம் கிராமமாகப் போய், ஓடுவதற்கு வழி இல்லையென்றால் ஊருக்குள்ளேயே எங்கே கூடுவது, யார் யாரைக் கூட்டி வருவது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தார்கள். வீட்டைச் சுற்றி 50 மீட்டரும் ஊரைச் சுற்றி 100 மீட்டரும் செத்தை நீக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 2006லேயே இருந்தது. காகிதத்தில்தான்.

நம் மலைக்கிராமத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் தீ அபாய வரைபடத்தின் நிறத்தைக் கேட்க மாட்டேன். ஒரே வழியா, இரண்டு வழியா? வழி சரிவின் மேலா, ஓடைக்குள்ளா? ஓரத்தில் புல் எவ்வளவு உயரம்? எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் உண்டா? சிக்னல் எடுக்குமா? பகலில் ஊரில் எத்தனை ஆம்பிளைகள் இருப்பார்கள், எல்லோரும் கீழே வேலைக்குப் போய்விடுவார்களா? தனியாக இருக்கும் கிழவி யார் யார்?

காப்பிக்காரம்மா | பிப்ரவரி 10, மாலை 6:11

பொம்பளைகள்தான் அக்கா அணைக்கிறோம். பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு முதலில் போவது நாங்கள். தீயணைப்பு வண்டி தார்ச்சாலை வரை வரும், அதற்கு மேல் ஜீப் தடம். போன முறை எங்கள் குடியிருப்பில் பதினாறு பேர் வந்தார்கள், பதினொன்று பெண்கள். வெளியூரிலிருந்து நிலம் வாங்கி வேலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனவர் இடத்தில் தீ நின்றபோது கேட்டை உடைக்கலாமா வேண்டாமா என்று கால் மணி நேரம் பேசிக்கொண்டு நின்றோம். சாவி யாரிடமும் இல்லை. தம்பி, நீங்கள் வாங்கினால் ஒரு சாவி ஊரில் இருக்கட்டும்.

சோலார் வேலி போட்டாலும் அதன் அடிப்புல்லை யார் வெட்டுவது என்று யோசித்துக்கொள்ளுங்கள். காட்டுமாட்டுக்குப் போட்ட வேலி தீக்கு வழிகாட்டிவிடும்.

இரண்டரை ஏக்கர் | பிப்ரவரி 17, இரவு 10:20

போய் வந்தேன். நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மேற்கு எல்லையில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் கரி இருக்கிறது. மார்பு உயரம். வனவர் ஐயா சொன்ன மாதிரியே மேட்டுப் பக்கம்தான் உயரம். பழைய கரி, கையில் ஒட்டவில்லை. விறகோடு வந்த ஒரு அம்மாவைக் கேட்டேன். "ஏழெட்டு வருசம் இருக்கும், அந்தக் காப்பி வரைக்கும் வந்துச்சு, இந்தா இந்தப் பலா மரத்துக்கிட்ட அணைஞ்சுது" என்று இடத்தையே காட்டினார். விற்பவரிடம் திரும்பக் கேட்டபோது, "அதைத் தீ என்று சொல்ல முடியாது சார்" என்றார். ஃபர்ம்ஸ் புள்ளி இரண்டுமே அந்த வருடம் இல்லை. வானத்துக் கண் சார் சொன்னது சரி.

சரிவை அளந்தேன். மேட்டு நுனியிலிருந்து கீழே அறுபது மீட்டர் வரை 19, 20 டிகிரி. அடியில் புல், நடுவில் உண்ணி, மேலே எங்கள் எல்லையில் தாழ்ந்த கிளை. ஏணி என்றீர்களே, அப்படியே சாத்தி வைத்தது போல இருக்கிறது. அந்த நுனியில் வீடு கட்டும் எண்ணத்தைக் கைவிட்டாயிற்று. அம்மாவுக்குக் காட்சி போய்விட்டதே என்று வருத்தம். அங்கே ஒரு கல்பெஞ்சு போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறேன்.

பலா மரத்துக்குக் கிழக்கே, காப்பிக்கு நடுவில், பாறைத் தரையாக ஒரு இடம் இருக்கிறது. நுனியிலிருந்து எழுபது மீட்டர் உள்ளே. வீடு அங்கே வரலாம். ஓட்டுக் கூரை ஆசையையும் விட்டோம், தளம்தான். தொட்டி சிமென்ட், தரையில்.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தார்ச்சாலையிலிருந்து நிலத்துக்கு 1.8 கிலோமீட்டர் ஜீப் தடம். அதில் 400 மீட்டர் இன்னொருவர் தோட்டத்துக்குள் போகிறது. புலப்படத்தில் அந்தப் பாதையே இல்லை. "வாய்வழியாக விட்டிருக்கிறார்கள், இத்தனை வருடமாக யாரும் மறித்ததில்லை" என்கிறார் விற்பவர். தடத்தின் ஒரு பக்கம் அதே மேற்குச் சரிவு, இரு பக்கமும் புல் ஜீப் ஜன்னல் வரை. நடுவில் வண்டி திருப்ப ஒரே ஒரு இடம். தீ அந்தப் பக்கமிருந்து வந்தால் வீடு பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது, நாங்கள் வெளியே வர முடியாது. வேறு வழி என்றால் கிழக்கே கீழிறங்கும் ஒற்றையடிப் பாதை, இருபது நிமிடத்தில் குடியிருப்புக்குப் போய்விடலாம். என் காலுக்கு இருபது நிமிடம்.

முன்பணம் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

மனை வியாபாரி | பிப்ரவரி 17, இரவு 10:48

பாதைக்குப் பத்திரத்தில் உரிமை எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இதில் தீ வந்தாலும் வராவிட்டாலும் என் வாக்கு ஒன்றுதான். தடத்துக்காரர் விற்பார், விலைதான் பேச வேண்டும். பாதையைக் காட்டியே நில விலையில் நாலைந்து லட்சம் குறைக்கலாம்.

இழப்பு மதிப்பீட்டாளர் | பிப்ரவரி 18, காலை 8:15

வீடு எழுபது மீட்டர் உள்ளே என்றால், வெளியே வரும் கேள்வியையே வேறு மாதிரி கேட்கலாம். நடக்க முடியாத ஒருவர் இருக்கும் வீட்டில், தீ வருகிற அந்த அரை மணி நேரம் உள்ளேயே இருப்பதற்கு ஒரு அறை தேவை. கிழக்குப் பக்கம், இரண்டு வாசல், தளம் போட்டது, மரச்சாமான் குறைவு. புல் தீ முன்வரிசை ஓரிடத்தைக் கடக்கச் சில நிமிடம்தான். அது கடந்ததும் கரிந்த தரைக்கு வந்துவிடலாம். இது வீட்டைச் சுற்றிச் சுத்தமாக இருந்தால் மட்டுமே. நம்பி உட்காரும் திட்டம் அல்ல, ஓட வழி இல்லாதபோது கைவசம் இருக்க வேண்டிய திட்டம். நல்ல திட்டம் என்ன என்றால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று அடிக்கும் நாட்களில், புகை தெரிந்ததுமே அப்பாவை முதலில் கீழே அனுப்பிவிடுவது.

டான்டினாங் வாசி | பிப்ரவரி 18, மதியம் 2:03

கடைசி வரியை நான் வழிமொழிகிறேன். இங்கே என் மாமியாரை ஆபத்தான நாள் என்று அறிவிப்பு வந்தாலே முந்தின இரவே தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஒரு கோடையில் ஆறு முறை போய் வந்தார். ஆறு முறையும் தீ வரவில்லை. ஆறு முறையும் திட்டினார்.

காப்பிக்காரம்மா | பிப்ரவரி 18, மாலை 7:26

தம்பி, அந்தத் தடத்துக்காரரை எனக்குத் தெரியும். அவர் தோட்டத்துக்கும் அதே தடம்தான், புல் வெட்ட ஆள் கிடைக்காமல் விட்டிருக்கிறார். பாதை எழுதித் தருவாரா தெரியாது. செலவில் பாதி தருகிறேன் என்றால் ஓரம் வெட்டச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், கூட்டிப் போகிறேன்.

இரண்டரை ஏக்கர் | பிப்ரவரி 18, இரவு 8:02

வருகிறேன் அக்கா. இந்த முறை அப்பாவையும் கூட்டி வருகிறேன். அந்தக் கிழக்குப் பாதையில் அவர் எவ்வளவு தூரம் இறங்குகிறார் என்று பார்க்க வேண்டும். அவரிடம் காப்பித் தோட்டம் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.